முக்காமல் விட்ட காயில்

வார்னிஷ் நல்ல பொருள். அதன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் அதில் ஒரு காயிலை முக்கியெடுத்தவர் மேல்தான். அவர் என் கூடப்பிறந்த அண்ணன், அதனால் கொஞ்சம் பொறுத்துப்போ என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். கூடப்பிறந்ததால்தான் கோபம் கூடியிருக்கிறது.

எங்களுடையது மோட்டார் காயில் கட்டும் கடை. பம்ப், மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் என்று எரிந்துபோன எதுவானாலும் எங்கள் வாசலுக்கு வரும். கருகிய கம்பியை வெட்டி உருவி எடுப்பது என் வேலை. புதுக் கம்பியைச் சுற்றி இறக்குவது அண்ணியின் வேலை. வந்தவர்களிடம் சிரித்துப் பேசி, "நாளைக்கு ரெடி" என்று சொல்லி அனுப்புவது அண்ணன் வேலை. யார் கை கறுப்பாக இருக்கும், யார் சட்டை வெள்ளையாக இருக்கும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவர் அண்ணன். சுற்றி முடித்த காயிலை வார்னிஷ் தொட்டியில் முக்கி, குண்டு பல்பு எரியும் தகரப் பெட்டிக்குள் வைத்து உலர்த்தாமல் வாசல் தாண்ட விடக் கூடாது. முக்காவிட்டால் உள்ளே கம்பிகள் அதிர்ந்து ஒன்றோடொன்று உராயும். உராய்ந்தால் மேல்பூச்சு போகும். பூச்சு போனால் புகைதான். சட்டம் சரியான சட்டம், நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். எதைக் கேட்டாலும், "மொதல்ல முக்கு, அப்புறம் யோசி" என்பார்.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது நான் அவளுக்குக் குடைச்சல் கொடுத்திருக்க வேண்டும். நாத்தனார் என்றால் அதைத்தானே எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள்? நானும் தயாராகத்தான் இருந்தேன். வந்த சில நாளிலேயே அவள் பட்டறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு, கடைசல் இயந்திரம் போடும் இரைச்சலையும் மீறி, "ஏய் மத்தளம்! அந்த ஸ்பேனரை எடு!" என்று ஒரு குரல் கொடுத்தாள். கையில் எது கிடைத்தாலும் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பேன் என்று எனக்கு அவள் வைத்த பெயர் அது. அந்தக் குரலைக் கேட்ட இடத்திலேயே குடைச்சல் திட்டத்தைக் கைவிட்டேன். இந்த வீட்டில் சத்தம் போட இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அண்ணியை 'அவள்' என்றும் அண்ணனை 'அவர்' என்றும் எழுதுகிறேனே, இதென்ன நியாயம் என்று கேட்காதீர்கள். அவள் என்பது நெருக்கம். அவர் என்பது தூரம். தெரிந்துதான் எழுதுகிறேன்.

கிட்டார் கடைக்கு வந்த கதை இப்படி. ஒரு வாலிபன் ஒரு பழைய மின்கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். சத்தமே வரவில்லையாம். "இதுக்குள்ளயும் காயில்தாங்க இருக்கு, கட்டித் தர முடியுமா?" என்றான். அண்ணன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "காயில்னா காயில்தான். நாளைக்கு ரெடி" என்று வாங்கி வைத்துவிட்டார். அந்தப் பையன் அதற்குப் பிறகு வரவே இல்லை. அண்ணிதான் அதைப் பிரித்து மேசையில் பரப்பினாள்.

பிக்கப் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி, இந்தக் கிட்டாரில் அப்படி இரண்டு. உள்ளே காந்தம். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இருக்கும் உருக்குக் கம்பியை மீட்டினால் கீழே இருக்கும் செம்புக் கம்பியில் மின்சாரம் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பெரிதாக்கிச் சொல்வதுதான் ஆம்ப்ளிஃபயரின் வேலை. "மோட்டார்ல கரண்டு குடுத்தா ஆட்டம் வரும். இதுல ஆட்டம் குடுத்தா கரண்டு வரும். அதே மாடு, வண்டிதான் பின்னால போகுது" என்றாள் அண்ணி. அது புரிய அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கம்பி அறுந்திருந்த இரண்டு காயில்களையும் உருவிப் போட்டுவிட்டு, பழைய மின்மணிகளில் இருந்து எடுத்து வைத்திருந்த மெல்லிய கம்பியைக் கொண்டு புதிதாகச் சுற்றினாள்.

சுற்றிய காயில் சரியா என்று பார்க்க மீட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? மீட்டி மீட்டித்தான் அவள் வாசிக்கவே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டாள் என்று சும்மா சொல்லிவிட்டேன். விரல் நுனியெல்லாம் வெடித்து, வெடித்த இடத்தில் வார்னிஷ் பட்டு எரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள். அண்ணன் அதற்கு முன்பே வார இறுதியில் விருந்துகளில் பாடிக்கொண்டிருந்தார். வெளியாட்களை வைத்துச் சமாளிக்க முடியாமல், அண்ணியைக் கிட்டாருக்கும் என்னை ட்ரம்ஸுக்கும் உட்கார வைத்துக்கொண்டார். கீபோர்டுக்கு ஒருவர் வந்தார். அவரை நாங்கள் பெட்டிக்காரர் என்போம். நல்ல மனுஷன், பேசவே மாட்டார். அவ்வளவுதான் எங்கள் குழு.

நாலு பேர் வாசிக்கும் குழு பத்துப் பேர் வாசிப்பதுபோல் இருக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. ஆசை அவருடையது, உழைப்பு யாருடையது என்று கேளுங்கள். அண்ணி அந்த ஒரு கிட்டாரின் வயிற்றைத் திறந்து திறந்து மாற்றினாள். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் எடுத்தால் கொழுத்த, உருண்டையான நாதம் வரும். பாலத்துப் பக்கத்தது, அதாவது கம்பிகள் முடியும் இடத்தில் இருப்பது, கூர்மையாகச் சுள்ளென்று பேசும். இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால் மணி அடித்தாற்போல் தெளிவு. ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் முரட்டுப் பலம். ஒன்றின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு அடிநாதம் காணாமல் போய், மூக்கால் பேசும் ஒரு சத்தம் மிஞ்சும். விருந்தில் ட்ரம்பெட் இல்லாத குறையை அந்த மூக்குக் குரல்தான் தீர்த்தது. ஒரு கெபாசிட்டரை மாற்றினால் கம்பளி போர்த்தியதுபோல் மந்தமாகும். இத்தனைக்கும் வெளியே தெரிந்தது ஒரு சின்ன சுவிட்சும், இழுத்தால் ஒன்று அழுத்தினால் ஒன்று என்று வேலை செய்யும் இரண்டு குமிழும்தான்.

டியூப் லைட் இருக்கும் மண்டபங்களில் கிட்டார் 'ம்ம்ம்' என்று இரையும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். இரண்டாவது காயிலைத் தலைகீழாகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்தாள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரைச்சல் அடங்கிவிடும். எப்படி என்று கேட்டேன். "ரெண்டு மாமியார எதிரெதிரா உக்கார வெச்சா ஒருத்தி பேச்ச ஒருத்தி தின்னுடுவா இல்ல, அப்படித்தான்" என்றாள். அப்படியானால் பாட்டு மட்டும் எப்படித் தப்பிக்கிறது என்று கேட்டதற்கு, "பாட்டுக்கு மாமியார் கெடையாதுடி" என்றாள்.

இனி வருவது எனக்கு வயிறு எரியும் இடம். அண்ணன் குரலில் பாகு ஒழுகும். ஆனால் வரியின் கடைசியில் சுருதி கொஞ்சம் சறுக்கிவிடும். எப்போதும் சறுக்கும். அண்ணி அந்த இடம் வருவதற்குள் கழுத்துப் பக்கத்துக்கு மாறி, கொழுத்த நாதத்தை அடியில் கொடுத்து அவரைத் தாங்கிப் பிடிப்பாள். கேட்பவர்களுக்கு அவர் சறுக்கியதே தெரியாது. அவருக்கும் தெரியாது. தன் கடைசி வரிகளுக்குக் கைதட்டு விழுவதாக நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார்.

அண்ணியும் ஒரு தடவை பாடினாள். ஆரம்ப நாளில், ஒரு விருந்தில். அவள் குரல் கனமானது, அடியில் மணல் இருக்கும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்வரிசை மேசையில் இருந்த ஒரு தடியன், "யாரு பாடுறது, லாரி டிரைவரா?" என்றான். மேசையே சிரித்தது. அது போகட்டும், குடித்தவன் பேச்சு. ஆனால் அண்ணனும் சிரித்தார். கையில் மைக்கோடு சிரித்தார், அதனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. ட்ரம்ஸ் வாசிப்பவளுக்கு எல்லாருடைய முதுகும்தான் தெரியும். அண்ணியின் முதுகு அன்று எப்படிச் சுருங்கியது என்பதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அதன் பிறகு, "நீ வாசி. பாடுறத நான் பாத்துக்கறேன்" என்றாகிவிட்டது. அவள் விடவில்லை. சாப்பிடும்போது கேட்டாள், கம்பி சுற்றும்போது கேட்டாள், வண்டியில் சாமான் ஏற்றும்போது கேட்டாள். ஒரு மைக், ஒரு பாட்டு. அண்ணன் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. "பாப்போம்" என்பார். மிக்ஸரில் இடம் இல்லை, பாப்போம். இந்தப் பார்ட்டி பெரிய இடம், அடுத்ததில் பாப்போம். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லாதவர்களுக்காகவே யாரோ உண்டாக்கி வைத்த வார்த்தை அது. அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குச்சியை எடுத்து வீசத் தோன்றுகிறது.

பாலத்துப் பக்கத்துக் காயிலை அவள் மறுபடி சுற்றிய அன்றுதான் அது நடந்தது. முக்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஈரம்படாத காயிலை அப்படியே கிட்டாரில் மாட்டி ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருந்தாள். நான் வாசல் பக்கம் இருந்தேன். "மத்தளம், அந்த டெஸ்டரை எடு!" என்று கத்தினாள். டெஸ்டரை எடு என்று ஆம்ப்ளிஃபயரும் கத்தியது. தகரக் குரலில், கிட்டார் கம்பிகளெல்லாம் கூடவே கிணுகிணுக்க. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள். மெதுவாகக் குனிந்து, உதட்டைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அடிவயிற்றிலிருந்து "யாரு அங்க?" என்றாள். பெட்டிக்குள் இருந்து அதே கேள்வி வந்தது.

முக்காத காயிலில் கம்பிச்சுற்றுகள் தளர்வாக இருக்கின்றன. பக்கத்தில் பலமான குரல் பட்டால் அவை நடுங்குகின்றன. நடுங்கினால் காந்தத்துக்கு முன்னால் கம்பி அசைகிறது. அசைந்தால் மின்சாரம். மோட்டாரில் எந்த நடுக்கம் புகையைக் கொண்டுவருமோ அதே நடுக்கம் இங்கே அவள் குரலைக் கொண்டுவந்தது. முணுமுணுத்தால் பிடிக்காது. கத்திப் பாடினால்தான் பிடிக்கும். கத்துவதற்குத்தான் அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லையே. கழுத்துப் பக்கத்துக் காயிலைச் சட்டப்படி முக்கி எடுத்தாள். பாலத்துப் பக்கத்ததை முக்காமல் விட்டாள்.

இதை அவள் ஒளித்து வைக்கவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அன்றைக்கே தட்டில் சோறு போட்டுக்கொண்டே அண்ணனிடம் சொன்னாள். "ஏங்க, கிட்டார்ல ஒரு காயில மட்டும் முக்காம விட்டிருக்கேன். அதான் குரல புடிக்குது. அத யாரும் முக்கிடக் கூடாது" என்றாள். அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றார். இன்னொரு நாள் சொன்னாள். "ம்." இன்னொரு நாளும் சொன்னாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், சாட்சி சொல்கிறேன்.

அப்புறம் ஒரு பிறந்தநாள் விருந்து. அண்ணன் மேடையிலிருந்து இறங்கி, யாரோ பெரிய மனிதரோடு கைகுலுக்கப் போயிருந்தார். அண்ணி சுவிட்சைப் பாலத்துப் பக்கம் தள்ளினாள். குமிழை முழுசாகத் திருகினாள். கிட்டாரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடினாள். அவளே காயில் சுற்றும்போது கட்டிய பாட்டு. எங்கோ தூரத்து டெலிபோனில் ஒருத்தி பாடுவதுபோல இருந்தது, கம்பிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் கூடவே முனகின. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். லாரி டிரைவர் என்று யாரும் சொல்லவில்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்ற ஆச்சரியத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அண்ணன் அரக்கப்பரக்க மேடைக்கு ஓடிவந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணி ஸ்பீக்கர் பக்கம் திரும்பிவிட்டாள். ஸ்பீக்கர் சத்தமே திரும்பக் காயிலுக்குள் புகுந்து 'கீஈஈ' என்று ஒரு ஊளை. அதோடு பாட்டு நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஆரம்பித்தார். "என் மானத்த வாங்கிட்ட. அந்த ஊள என்ன ஊள!"

"எனக்கு ஒரு மைக் குடுத்திருந்தா நான் ஏங்க கம்பிக்குள்ள வாய வெச்சுக் கத்தப் போறேன்?"

"பாப்போம்னு சொன்னேன்ல?"

"பாத்தது போதுங்க. நாள சொல்லுங்க."

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். "அண்ணா, அடுத்த ப்ரோக்ராம்ல அண்ணி பாடலன்னா நான் வரமாட்டேன். ட்ரம்ஸுக்கு நீ தகர டப்பாவ வெச்சுத் தட்டிக்க" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும். அதோடு அடுத்த நிகழ்ச்சி அவருக்கு முக்கியமானது. ஒரு பம்ப் தொழிற்சாலையின் ஆண்டு விழா. அவர்களுடைய எரிந்த மோட்டார்களெல்லாம் எங்கள் கடைக்கு வர வேண்டும் என்று அவர் வெகுநாளாக அந்த மேனேஜரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். போதாததற்கு அந்த மேனேஜரே, "கிட்டாருக்குள்ள இருந்து பாடுவாங்களாமே, அவங்களும் வர்றாங்கதானே?" என்று கேட்டிருந்தார். அண்ணன், "சரி. ஒரு பாட்டு. கிட்டார்லயே பாடு, புதுசா இருக்கும். மைக்கெல்லாம் வேணாம்" என்றார்.

அண்ணி அன்றிலிருந்து விழா நாள்வரை நடந்த நடையே வேறு. கம்பி சுற்றுகையில் பாடினாள், மோட்டாரை மூடுகையில் பாடினாள். இரண்டாவது சரணத்தில் ஒரு சொல் சரியில்லை என்று மாற்றி மாற்றி என்னிடம் கேட்டாள். எனக்குப் பாட்டு தலைகீழாகப் பாடமாகிவிட்டது. வாழ்நாளில் அவள் கேட்டது ஒரு பாட்டுக்கான இடம், அது கிடைத்துவிட்டது. வேறெதுவும் அவள் நினைவிலேயே இல்லை.

விழா அன்று பகலில் ஒரு குடியிருப்பின் தண்ணீர் பம்ப் எரிந்து வந்தது. தண்ணீர் இல்லாமல் வீடு வீடாகத் திட்டுகிறார்கள், உடனே வேண்டும் என்றார்கள். அண்ணியும் நானும் அதில் மாட்டிக்கொண்டோம். சாமான்களை வண்டியில் ஏற்றும் வேலையை, உலகத்தில் இல்லாத அதிசயமாக, அண்ணனே எடுத்துக்கொண்டார். நாங்கள் நேரத்தோடு போட்டிபோட்டு மண்டபம் சேர்ந்தபோது கூட்டம் உட்கார்ந்துவிட்டது. அண்ணி கிட்டாரைச் சுருதி சேர்த்தாள். சுவிட்சை இங்கும் அங்கும் தள்ளி மீட்டிப் பார்த்தாள். கொழுத்தது, கூர்மையானது, மூக்கால் பேசுவது, எல்லாம் வந்தன. முன்னைவிடச் சுத்தமாகவே வந்தன. வார்னிஷ் வாசனை வந்திருக்கும். ஆனால் எங்கள் உடம்பு, துணி, தலையணை எல்லாவற்றிலும் அந்த வாசனைதான், அதில் எதைத் தனியாக மோந்து பார்ப்பது?

அண்ணன் சில பாட்டுகள் பாடினார். அண்ணி வழக்கம்போல வரிக்கு வரி தாங்கிப் பிடித்தாள். பிறகு அவர் மைக்கில், "இப்ப ஒரு புதுமை. என் மனைவி கிட்டாருக்குள்ள இருந்து பாடப்போறாங்க" என்றார். முன்வரிசையில் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மெதுவாகத் தாளத்தை ஆரம்பித்தேன். அண்ணி சுவிட்சைத் தள்ளினாள், குமிழைத் திருகினாள், கிட்டாரை முகத்துக்குத் தூக்கினாள், பாடினாள்.

ஒன்றும் வரவில்லை. கம்பிகள் மட்டும் லேசாக முனகின. கிட்டாருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் பலமாகப் பாடினாள். இல்லை. மேசைகளில் கசமுசாவென்று பேச்சு. யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து பார்த்த எனக்கு மறுபடியும் அந்த முதுகு.

அண்ணன் அவள் பக்கத்தில் வந்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார், எனக்கும் கேட்டது. "ஊள வரக் கூடாதுன்னு காத்தால தொறந்து பாத்தேன். ஒரு காயில் முக்காமயே கெடக்கு! நம்ம கடையிலருந்து முக்காத காயில் வெளிய போகலாமா? நல்லா முக்கி, காய வெச்சு மாட்டியிருக்கேன். சத்தம் எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு." சொன்ன முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. பாராட்டை எதிர்பார்க்கும் முகம் அது. பிறகு மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மன்னிக்கணும், கிட்டார் இன்னைக்குக் கொஞ்சம் கோச்சிக்கிச்சு. நானே பாடிடறேன்" என்று சொல்லிச் சிரித்து, பாகு ஒழுக ஆரம்பித்தும்விட்டார்.

வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். அண்ணி ஒத்துக்கொள்வதில்லை. "தெரிஞ்சு பண்ணியிருந்தா நான் பொறுத்துருப்பேன்டி. நான் பேசினது காதுல விழுந்துச்சுன்னாவது ஆகும். அவரு தெரியாமத்தான் பண்ணார். எத்தன தடவ சொன்னேன், ஒரு வார்த்த உள்ள போகல" என்றாள் பிற்பாடு. யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் அதிகம் எரிகிறது.

அவள் கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தாள். போட்டு உடைக்கவில்லை, பக்குவமாகத்தான் வைத்தாள். அண்ணன் பக்கம் போகப் போகிறாள், மைக்கைப் பிடுங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதைப் பற்றியும் பிறகு கேட்டேன். "அவரு கையிலருந்து வாங்கினா அவரு குடுத்ததா ஆயிடும்" என்றாள். அவள் என் பக்கம் வந்தாள். எங்கள் குழுவின் மின்சாரமெல்லாம் ஒரே ஒரு பலகையிலிருந்து போகிறது. அவளே பற்றவைத்துச் செய்த பலகை. ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், என் கால் எட்டும் தூரத்தில் இருக்கும். அதில் ஒரு சிவப்பு சுவிட்ச். அவள் என்னைப் பார்த்தாள். நான் குச்சிகளை இறுக்கிப் பிடித்தேன்.

சுவிட்சை அணைத்தாள்.

அண்ணன் குரல் பாதி வரியில் செத்தது. பெட்டிக்காரரின் விரல்கள் கட்டையில் ஓடிக்கொண்டே இருந்தன, சத்தம் மட்டும் இல்லை. மண்டபத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால் அண்ணன் செத்த மைக்கைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள். எங்கள் குழுவில் கரண்டு இல்லாமல் ஓடுவது இரண்டே இரண்டு. ஒன்று என் ட்ரம்ஸ். நான் அடித்தேன். என் ஆயுசுக்கும் அப்படி அடித்ததில்லை.

இரண்டாவது, கடைசல் இயந்திரத்தை மீறி ஸ்பேனர் கேட்ட அந்தக் குரல். அண்ணி மேடையின் விளிம்புக்குப் போய் நின்று பாடினாள்.

"சுத்தச் சுத்த அறுந்த கம்பி
சேத்துக் கட்டினேன் மறுபடி
கேட்டா என்ன, கேக்காட்டா என்ன
என் வாய் என்கிட்டதான் இருக்கு"

கடைசி மேசைவரை போனது. தட்டோடு வந்துகொண்டிருந்த பரிமாறுபவர் அப்படியே நின்றார். முன்வரிசையில் யாரோ என்னவோ சொன்னான், அது எனக்குக் கேட்கவில்லை, கேட்கும்படி நான் விடவும் இல்லை. மேனேஜர் நாற்காலியை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அண்ணியின் முதுகு விறைப்பாக நின்றது. வரியின் கடைசியில் குரல் சறுக்கவே இல்லை. அவளைத் தாங்கிப் பிடிக்க அடியில் யாரும் வாசிக்கவில்லை, அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

முதல் சரணம் முடிந்து அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் அண்ணன் பக்கத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. வாயை அசைக்காமல், பல்லுக்குள்ளேயே, "மெயின போடு. எல்லாரும் பாக்கறாங்க. மொதல்ல மெயின போடு" என்றார்.

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாப்போம்" என்றாள். இரண்டாவது சரணத்தை ஆரம்பித்தாள்.